கை மாறிய காப்பு

அத்தானின் வலது மணிக்கட்டில் கட்டியிருந்த மஞ்சள் நூலைப் பார்க்க முடியவில்லை. கை அவ்வளவு வீங்கியிருந்தது. மணிக்கட்டைச் சுற்றி ஒரு பள்ளம் மட்டும் தெரிந்தது. அதற்குள் நூல் இருக்கிறது என்பது ஏற்கெனவே தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும். பள்ளத்துக்குக் கீழே விரல்கள் கறுத்துவிட்டன. பெரிய டாக்டர் குனிந்து கையை முகர்ந்து பார்த்தார். பிறகு என்னை வராந்தாவுக்கு அழைத்துப்போய் ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். அழுகல் மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. முழங்கைக்குக் கீழே எடுத்துவிட வேண்டும். இன்று பொழுது சாய்வதற்குள் எடுத்தால் ஆள் பிழைக்க இடமுண்டு. நாளைக்குத் தோளோடு எடுத்தாலும் பயன் இருக்காது.

ஆனால் வேண்டாம் என்று சொல்கிறவனின் கையை நான் வெட்டமாட்டேன் என்றும் சொன்னார். அத்தான் வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அது முப்பதுகளின் தொடக்கம். தைப்பூசத்துக்குப் பத்து நாள் போல இருந்தது. நான் பினாங்கில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் ஊர்ச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். அக்காவும் அத்தானும் அவர்களுடைய நாலு வயதுப் பெண்ணும் துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த கூலிக்காரர் லயத்தில் ஓர் அறையில் குடியிருந்தார்கள். பக்கத்து அறையில் நான். அத்தானுக்குத் தொங்கான் படகுகளில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. ஈயக் கட்டிகள் அடுக்கிய பலகை சரிந்து அவர் வலது கை நடுவில் மாட்டிக்கொண்டது. மயங்கிக் கிடந்தவரை, வேலை வாங்குகிற மண்டோர் ஒரு ரிக்‌ஷாவில் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினான். எலும்பை நேராக்கிக் கட்டுப் போட்டார்கள். கட்டுக்குள்ளேயே புண் கெட்டுவிட்டது.

காப்பு அதற்கு முன்பே கட்டியாகிவிட்டது. முந்தைய வருடம் அவர்கள் பெண்ணுக்குக் கடுமையான குளிர்காய்ச்சல் வந்து, கண் திறக்காமல் கிடந்தபோது, தண்ணீர்மலை முருகனுக்குக் காவடி எடுப்பதாக அத்தான் நேர்ந்துகொண்டார். பெண் பிழைத்தது. இந்தப் பூசத்துக்கு விரதம் தொடங்கிய அன்று, லயத்துக்குப் பின்னால் இருந்த சிறு கோயிலில் பூசை செய்கிற பண்டாரம் அவர் வலக்கையில் மஞ்சள் கிழங்கு முடிந்த நூலைக் கட்டினார். அன்றிலிருந்து ஒரு வேளைச் சோறு, தரையில் படுக்கை, ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது, சாவு வீட்டுக்குப் போகக் கூடாது. காவடியை மலையில் இறக்கிய பிறகு பண்டாரமே காப்பை அவிழ்ப்பார். அதற்கு முன் அது கையை விட்டுப் போனால் நேர்ந்தது முறிந்தது. கொடுத்தவன் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வான் என்பது அத்தானின் எண்ணம். அவர் அதை ஒரு சந்தேகமாகச் சொல்லவில்லை. கடலில் ஏற்றவற்றம் இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் அவர் செய்த முதல் காரியம் கட்டிலைவிட்டு இறங்கியதுதான். விரதக்காரன் கட்டிலில் படுக்கக் கூடாதே. கட்டிலுக்கு அடியில், சிமெண்டுத் தரையில் படுத்தார். விழுந்துவிட்டார் என்று நினைத்து மேலே தூக்கிப் போட்டார்கள். மறுபடி இறங்கினார். கஞ்சியில் மீன் வாடை அடிக்கிறது என்று தள்ளிவிட்டார். பால் மட்டும் குடித்தார். அந்த வார்டில் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவர். கண்ணாடி போட்ட, இஸ்திரி கலையாத, கண்டிப்பான மனிதர். இந்த நோயாளி ஒழுங்குக்கு வரமாட்டார் என்று முடிவு செய்துவிட்டார்.

அன்று காலை டாக்டர் போன பிறகு டிரஸ்ஸர் ஒரு காரியம் செய்தார். கையை எடுப்பது அப்புறம் இருக்கட்டும், ரத்த ஓட்டத்தை இறுக்குகிற அந்த நூலையாவது முதலில் எடுக்க வேண்டும். வைத்திய முறைப்படி அவர் நினைத்தது சரிதான். வலிக்கு ஊசி போட்டதில் அத்தான் கண் சொருகிக் கிடந்தார். டிரஸ்ஸர் தரையில் மண்டியிட்டு வளைந்த கத்தரிக்கோலின் நுனியைப் பள்ளத்துக்குள் நுழைத்தார். அத்தான் கண் திறந்தார். அவருடைய இடது கை டிரஸ்ஸரின் முகத்தில் விழுந்தது. மூட்டை தூக்குகிற கை. கண்ணாடி தெறித்து ஒரு காம்பு ஒடிந்தது. மற்ற நோயாளிகள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

டிரஸ்ஸர் கண்ணாடியைப் பொறுக்கிக்கொண்டு எழுந்தார். மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. கைக்குட்டையால் அழுத்திக்கொண்டு என்னிடம்தான் பேசினார்.

"தம்பி, அந்த நூலுக்காக இந்த மனிசன் சாகப் போறார். விளங்குதோ உங்களுக்கு?"

விளங்கியது என்றேன்.

நான் அத்தானின் அருகில் உட்கார்ந்து பேசிப் பார்த்தேன். எனக்குப் பக்தி கிடையாது. எது நடந்தது, எதற்குப் பிறகு எது நடந்தது என்று பார்ப்பதுதான் என் தொழில். குழந்தையைப் பிழைக்க வைத்தது கொயினா மருந்து என்றேன். மருந்து கொடுத்ததை நானே பார்த்தேன் என்றும் சொன்னேன்.

அத்தான் கண்ணை மூடியபடியே பதில் சொன்னார். "நம்ம லயத்துல மூணு புள்ளைங்களுக்கு அதே கொயினாதான் குடுத்தாங்க மாப்ள. மத்த ரெண்டும் எங்க?"

அந்த இரண்டு பிள்ளைகளின் சாவுக்கும் நான் போயிருந்தேன். எழுந்து வெளியே வந்தேன்.

அக்கா வார்டுக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் சொன்னதையும் அத்தான் சொன்னதையும் அவளிடம் சொன்னேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"கட்டுனவரு அவுத்தா?" என்று கேட்டாள்.

பண்டாரத்துக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். காலையில் மார்க்கெட் தெருவில் பூ விற்பார், மாலையில் பூசை. நாங்கள் போனபோது கோயில் வாசலில் உட்கார்ந்து அரளி கட்டிக்கொண்டிருந்தார். அவர் கையிலும் காப்பு இருந்தது. அக்கா விஷயத்தைச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு வரும்படி கேட்டாள். அவர் பூவைக் கீழே வைத்தார். முகம் மாறிவிட்டது.

தான் வர முடியாது என்றார். ஆஸ்பத்திரி என்பது பிணம் இருக்கும் இடம். தான் அங்கே காலை வைத்தால் தீட்டு. தனக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. தன் கையால் காப்புக் கட்டியவர்கள் முப்பது பேருக்கு மேல். தனக்குத் தீட்டு வந்தால் அத்தனை பேர் விரதமும் கெடும். அந்த முப்பது பேருக்கும் பிள்ளைகள் உண்டு.

அப்படியானால் அத்தானின் விரதம் ஏற்கெனவே கெட்டுப்போகவில்லையா என்று நான் கேட்டேன்.

"தூக்கிட்டுப் போனது வேற தம்பி. நடந்து போறது வேற."

நான் சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். அவரும் அதைப் பார்த்தார். நீயே சொல்லிவிடு, அவிழ்க்கலாம் என்று சாமி சொன்னார் என்று சொல் என அக்காவைக் கேட்டுக்கொண்டார். அக்கா முடியாதென்று தலையை ஆட்டினாள். நான் சொன்னால் நம்பமாட்டார், என் தாலிக்காகப் பொய் சொல்கிறேன் என்பார் என்றாள். நியாயம்தான். அத்தான் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

கடைசியில் பண்டாரம் பூக் கேட்டுப் பார்க்கலாம் என்றார். வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று, இரண்டையும் தனித்தனியாக வாழையிலைத் துண்டில் மடித்து, நூல் சுற்றி, ஒரே மாதிரி இரண்டு பொட்டலமாக்கினார். குலுக்கி வேலின் அடியில் போட்டார். காப்பை அவிழ்க்கலாமா என்று உரக்கக் கேட்டார். வெள்ளை வந்தால் அவிழ்க்கலாம். அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். அவர் நூலைப் பிரித்தார்.

சிவப்பு.

அக்கா அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விழுந்துவிடுவாளோ என்று நான் கொஞ்சம் நெருங்கி நின்றேன். அவள் சொன்னது இதுதான்:

"கேள்வியை மாத்திக் கேளுங்க சாமி."

பண்டாரத்துக்குக் கோபம் வந்தது. உத்தரவு ஒரு தடவைதான், நமக்குப் பிடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருக்க இது என்ன பேரமா என்றார்.

"அதையே ரெண்டாம் தடவ கேக்கச் சொல்லல. அவுக்கலாமான்னு கேட்டீங்க, கூடாதுன்னுட்டாரு. சரி. அவுக்க வேணாம். என் கைக்கு மாத்திக்கட்டலாமான்னு கேளுங்க. எனக்கு மொதல்ல கட்டிட்டு அப்புறம் அவருக்கு எடுங்க. நேந்தது நடுவுல அந்தரத்துல நிக்காதுல்ல? எனக்கும்தானே அது புள்ள?"

பத்திரிகை ஆபீசில் எங்கள் ஆசிரியர் தினமும் எங்களிடம் சொல்வது அது. பதில் கிடைக்கவில்லை என்றால் கேள்வியைத் திருப்பிப் போடு. அன்று வரை அக்கா பத்திரிகை ஆபீஸ் வாசலைக்கூடப் பார்த்ததில்லை.

பண்டாரம் யோசித்தார். உடல்நலமில்லாதவனுக்காக வீட்டு மனிதர் ஒருவர் காவடி எடுப்பது உண்டு. ஆனால் கட்டிய காப்பை நடுவில் கை மாற்றியது இல்லை. முதலில் என்னைத்தான் பார்த்தார்.

"தம்பி, காலையில என்ன சாப்பிட்டீங்க?"

கப்பித்தான் பள்ளிவாசல் பக்கத்தில் தோளில் தண்டு வைத்துச் சோறு சுமந்து வருகிற பாயிடம் மீன் கறியும் சோறும் என்றேன்.

"அப்ப நீங்க பூசத்துக்கு நியூஸ் மட்டும் எழுதுங்க."

அக்காவிடம், பூசம் முடியும் வரை உடம்பு சுத்தமாக இருக்குமா என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். இருக்கும் என்றாள். அவர் மறுபடி இரண்டு பூவை மடித்தார். வெள்ளை வந்தது.

இன்னும் ஒரு வேலை பாக்கியிருந்தது. அத்தான் இதை நம்ப வேண்டும். பண்டாரம் ஆஸ்பத்திரிக்கு எதிர்ப்புறம் சாலையில் நிற்கச் சம்மதித்தார். வேலிக்குள் கால் வைக்கமாட்டார். நான் ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். ஒரு செய்தியைச் சொல்வதுபோல, கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. உங்கள் கடவுளுக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்று மட்டும் கேட்டார். ஒரு மணி நேரம் என்றேன். கத்தியைக் கொதிக்கவைக்கச் சொல்லிவிட்டு, அத்தானை ஸ்டிரெச்சரில் வைத்து வராந்தாவுக்குக் கொண்டுபோகச் சொன்னார்.

வராந்தாவுக்கும் சாலைக்கும் நடுவில் ஒரு புல்தரையும் வேலியும் சாக்கடையும் இருந்தன. எதிர்ப்புறம் ஓர் ஆங்சானா மரத்தடியில் பண்டாரமும் அக்காவும் நின்றார்கள். அக்கா குளித்து ஈரத் தலையோடு வந்திருந்தாள். குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். மாட்டு வண்டியும் ரிக்‌ஷாவும் நடுவில் போய்க்கொண்டிருந்தன. அத்தானின் தலையை நான் உயர்த்திப் பிடித்தேன். உடம்பு கொதித்தது.

பண்டாரம் கையைக் குவித்துக் கூப்பிட்டார். அத்தான் கேட்ட முதல் கேள்வி எனக்கு மட்டுமே கேட்கிற குரலில் வந்தது. அதை நான்தான் சாலைக்கு உரக்கச் சொன்னேன். பூக் கேட்டீர்களா?

அக்கா பண்டாரத்தைப் பார்த்தாள். அந்த முதல் பூவைப் பற்றிச் சொல்லாதீர்கள் என்று வழியெல்லாம் அவரைக் கெஞ்சிக்கொண்டு வந்திருந்தாள்.

"கேட்டேன்" என்றார் பண்டாரம். ஒரு வண்டி போகும்வரை நிறுத்தினார். "அவுக்கலாமான்னு கேட்டேன். செவப்பு வந்துச்சு."

நான் பிடித்திருந்த தலை கனத்தது. அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். டிரஸ்ஸர் பக்கத்தில் நின்று நாடியைப் பிடித்திருந்தார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

"ஒம்பொண்டாட்டி கைக்கு மாத்தலாமான்னு கேட்டேன். வெள்ளை வந்துச்சு. பாத்துக்க, கட்டுறேன்."

அத்தான் கண் திறந்தார். பண்டாரம் அக்காவின் இடது கையை உயர்த்திப் பிடித்து, எங்களுக்குத் தெரியும்படி மஞ்சள் நூலை மூன்று சுற்றுச் சுற்றி முடிந்தார். அக்கா கையை இறக்காமல் அப்படியே வைத்திருந்தாள். குழந்தை அந்த நூலைத் தொடப் பார்த்தது.

அத்தான் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் சொன்னார். "செவப்பு வந்ததை மறைக்கல பாரு."

அதன் பிறகு டிரஸ்ஸரிடம் வலது கையை நீட்ட முயன்றார். அது நகரவில்லை. டிரஸ்ஸர் மண்டியிட்டார். கத்தரிக்கோலை நுழைப்பதற்கு முன், வெட்டட்டுமா என்று கேட்டார். காலையில் அவர் அதைக் கேட்கவில்லை. அத்தான் தலையசைத்தார். நூல் அறுந்து வந்தபோது அதில் மஞ்சள் இல்லை. சம்மதத்துக்கு இடது பெருவிரலால் ரேகை வைத்தார். பொழுது சாயும் முன்பே கையை எடுத்துவிட்டார்கள்.

இத்தோடு முடிந்தது என்றுதான் டாக்டரும் நானும் நினைத்தோம். முடியவில்லை.

காப்புக் கட்டிக்கொண்ட அக்காவும் இப்போது ஆஸ்பத்திரிக்குள் வரக் கூடாது. அதனால் தினமும் பார்வை நேரத்தில் எதிர்ப்புறம் அந்த மரத்தடியில் குழந்தையோடு வந்து நிற்பாள். டிரஸ்ஸரும் நானும் அத்தானை வராந்தாவின் கைப்பிடிச் சுவர் வரை கொண்டுவந்து சாய்த்து வைப்போம். அக்கா இடது கையைத் தூக்கிக் காட்டுவாள். பிறகு குழந்தையைத் தூக்கிக் காட்டுவாள். அத்தான் இரண்டையும் பார்ப்பார். அவ்வளவுதான். பேச்சுக் கிடையாது. சேதி இருந்தால் நான்தான் சாலையைக் கடந்து போய்வருவேன்.

வெட்டிய இடம் ஆறிவருகிறது என்று டாக்டர் சொன்னார். ஆனால் அத்தான் தரையை விட்டு ஏறவில்லை. காப்புதான் மாறியது, நேர்ந்தது நான்தானே என்றார். டாக்டர் இரண்டு நாள் வாதம் செய்துவிட்டு, மூன்றாம் நாள் தானே வெள்ளைக் கால்சட்டையோடு சிமெண்டில் முழங்காலிட்டுக் கட்டுப் பிரித்தார். டிரஸ்ஸர் ஒரு பாயைக் கொண்டுவந்து விரித்தார். ஒடிந்த கண்ணாடிக் காம்பைக் கட்டுத் துணி நூலால் சுற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

பூசத்துக்கு நாலைந்து நாள் இருக்கும்போது அக்கா மரத்தடிக்குத் தனியாக வந்தாள்.

கையை மட்டும் தூக்கிக் காட்டினாள். அத்தான் காத்திருந்தார். அவள் இன்னும் எதையாவது தூக்கிக் காட்டுவாள் என்பதுபோல அவள் இடுப்பையே பார்த்தார். நான் சாலையைக் கடந்து போனேன். விடியற்காலையிலிருந்து குழந்தைக்குக் காய்ச்சல். உடம்பு தூக்கிப் போடுகிறது. போன வருடம் மாதிரியே. இதை அவரிடம் சொல்லாதே, பக்கத்து வீட்டில் தூங்குகிறாள் என்று சொல் என்றாள். அவள் உதடு காய்ந்து வெடித்திருந்தது. முதலில் வந்த சிவப்புப் பூதான் உண்மையான உத்தரவோ, நான் கேள்வியை மாற்றியதுதான் தப்போ என்று என்னிடம் கேட்டாள்.

திரும்பி வந்தேன். அத்தான் என் முகத்தைப் பார்த்தார்.

"புள்ள எங்க மாப்ள?"

வாயைத் திறந்தேன். அவர் இடது கையைத் தூக்கித் தடுத்தார்.

"வேணாம். நீ பேப்பர்காரன். என்ன எழுதணுமோ அதைத்தான் எழுதுவ."

அன்று மாலை அவர் பாலைத் தள்ளிவிட்டார். மறுநாள் காலையிலும். காய்ச்சல் ஏறியது. ஆறிக்கொண்டிருந்த புண்ணில் நீர் கசிந்தது. டாக்டர் புண்ணில் காரணம் தேடினார், கிடைக்கவில்லை. டிரஸ்ஸர் என்னை மருந்து அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். என்ன மறைக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

அன்று வேலை முடிந்ததும் அவர் என்னோடு லயத்துக்கு வந்தார். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் குழந்தையின் அக்குளில் வெப்பமானியை வைத்தார். கண் இமையைப் புரட்டிப் பார்த்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். அக்கா சுவரோடு ஒட்டி நின்றாள். மருந்தைக் கொடுத்துவிட்டு, இதை உங்கள் புருஷனிடம் சொல்லப் போகிறேன் என்றார்.

"சொன்னா செத்துருவாருங்க ஐயா."

"சொல்லாமலும் செத்துக்கொண்டுதானே இருக்கிறார். பிள்ளை செத்துப்போச்சு எண்டு நினைச்சுக்கொண்டு கிடக்கிறார். நூற்று மூண்டு எண்டது அதைவிட நல்ல சேதி இல்லையோ, சொல்லுங்கோ பாப்பம்."

அக்கா வேண்டாம் என்று சொல்லவில்லை.

டிரஸ்ஸர் அத்தானின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. குழந்தைக்குக் காய்ச்சல் நூற்று மூன்று, போன வருடத்துக் காய்ச்சல்தான் திரும்பியிருக்கிறது, மருந்து கொடுத்திருக்கிறேன், தினமும் மாலை போய்ப் பார்ப்பேன், கூடினால் கூடினது என்று சொல்வேன், குறைந்தால் குறைந்தது என்று சொல்வேன் என்றார். அத்தான் அவருடைய கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கள அடிச்சேன் நான்" என்றார்.

"ஓம். நல்லாத்தான் அடிச்சனீர்."

"எனக்கு இதமாப் பொய் சொல்லணும்னு உங்களுக்கு ஒண்ணுமில்ல."

"ஒண்டுமில்லை" என்றார் டிரஸ்ஸர்.

அத்தான் அன்று பாலைக் குடித்தார். கோபமாகக் குடித்தார். மறுநாள் டிரஸ்ஸர் கொண்டுவந்த சேதி நூற்று மூன்றரை. நான் பயந்தேன். அத்தான் அதைக் கேட்டுக்கொண்டு, பூசத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்றார். அக்கா மரத்தடிக்கு வந்து கையைக் காட்டியதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்து தன் இடது கையைத் தூக்கினார். அதற்கு முன் அவர் அப்படிச் செய்ததில்லை.

பூசத்தன்று பத்திரிகைக்காக நான் தண்ணீர்மலையில் இருக்க வேண்டும். அக்காவும் அங்கே இருந்தாள். காவடிக்குப் பதில் பால்குடம். அவள் பெண்ணைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். அதை விட்டுவிட்டு வருவதா, நேர்ந்ததை முடிப்பதா என்று விடிய விடிய அவள் பட்ட பாட்டை நான் சுவருக்கு இந்தப்பக்கம் கேட்டுக்கொண்டிருந்தேன். குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு படியேறும்போது அவள் யாரையும் பார்க்கவில்லை. கால் இடறினால் பால் சிந்தும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைவு இருந்ததாகத் தெரியவில்லை. மேலே பாலை ஊற்றியாயிற்று. பண்டாரம் நூலை அவிழ்த்தார். அவள் கும்பிட்டு எழுந்ததும் கீழே ஓட ஆரம்பித்தாள். ரிக்‌ஷா பிடித்தோம். ஆஸ்பத்திரிக்கா வீட்டுக்கா என்று கேட்டேன். வீட்டுக்கு என்றவள், பாதி வழியில் ஆஸ்பத்திரிக்குத் திருப்பச் சொன்னாள். வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தைரியம் வரவில்லை என்று நான் புரிந்துகொண்டேன்.

நாங்கள் வார்டுக்குள் நுழைந்தபோது டிரஸ்ஸரும் அப்போதுதான் வந்திருந்தார். அன்று அவருக்கு விடுமுறை. வெள்ளைச் சட்டை இல்லாமல் கோட்டுப் போட்டிருந்தார். நேரே லயத்திலிருந்து வந்திருந்தார். அத்தான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எங்கள் மூவரையும் பார்த்தார். முதலில் அக்காவின் இடது மணிக்கட்டைப் பார்த்தார். நூல் இருந்த இடத்தில் மஞ்சள் கறை மட்டும் இருந்தது. பிறகு டிரஸ்ஸரைப் பார்த்தார்.

"காய்ச்சல் விட்டுட்டுது" என்றார் டிரஸ்ஸர். "தொண்ணூற்றொன்பது. கஞ்சி கேட்டுக் குடிச்சவள்."

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டாள். அத்தான் அசையவில்லை.

"உங்க சாமி மேல சத்தியம் பண்ணுங்க."

"மாட்டன்."

"ஏன்?"

"எங்கட வேதத்தில சத்தியம் பண்ணக் கூடாது. பண்ணினதும் இல்லை. காய்ச்சல் இல்லை எண்டால் இல்லை. அவ்வளவுதான்."

அத்தான் அவரை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு டிரஸ்ஸர்மேல் ஆத்திரம் வந்தது. ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தேன். டிரஸ்ஸரும் கண்ணை எடுக்கவில்லை. நூல் சுற்றிய கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நின்றார்.

அத்தானின் தோள் மெல்ல இறங்கியது. மூச்சை விட்டார். சத்தியம் செய்திருந்தால்கூட அவர் அப்படி நம்பியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

"ஐயா" என்றார். "அடிச்ச கையை விட்டுட்டு மத்த கையைல்ல வெட்டிப்புட்டீங்க."

டிரஸ்ஸருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"இன்னொரு தரம் அடிச்சால் அதையும் எடுப்பம்."

அத்தான் இடது கையைத் தரையில் ஊன்றி எழ முயன்றார். முடியவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டேன். கட்டிலைக் காட்டினார்.

"முடிஞ்சுபோச்சு மாப்ள. இனி மேல படுக்கலாம்."

டிரஸ்ஸர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்து அவரைக் கட்டிலில் ஏற்றினோம். பல நாளாக விரித்தபடியே மடிப்புக் கலையாமல் இருந்த வெள்ளை விரிப்பு அது. தலையணையில் தலை பட்டதும் தூங்கிவிட்டார். அக்கா அவர் காலடியில் நின்று, இல்லாத கையின் பக்கம் விரிப்பைச் சரிசெய்தாள். பிறகு குழந்தையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிப் புறப்பட்டாள். நான் அவளை ரிக்‌ஷாவில் ஏற்றிவிட்டு ஆபீசுக்கு நடந்தேன். தண்ணீர்மலைச் செய்தியை எழுதிக் கொடுக்க இன்னும் நேரம் இருந்தது.